பிப்பெட் பிடித்த விரல்

நம் வாட்ஸ்அப் குழுவில் கிளாஸ் லீடர் மறுபடியும் நினைவூட்டிவிட்டாள். கெமிஸ்ட்ரி சாருக்குப் பாராட்டு விழா, திண்டிவனத்தில் கல்யாண மண்டபம், மலர் ஒன்று அச்சடிக்கிறோம், சாரைப் பற்றி ஆளுக்கு நாலு வரி எழுதி ஜல்தி அனுப்புங்கடி என்று. நீங்கள் எல்லாரும் அனுப்பிவிட்டீர்கள். நான் ஒருத்திதான் பாக்கி. "உனக்கு சார் மேல இன்னாடி கோவம்?" என்று கேட்டு, பக்கத்தில் அழுகிற பொம்மை வேறு போட்டிருந்தாள்.

நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். அது என் பேச்சைக் கேட்காமல் நீண்டுகொண்டு போகிறது. கண்ணாடி தேடுகிறவர்கள் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள். நம்மில் முக்கால்வாசிப் பேருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்ட வயசு, எனக்குத் தெரியாதா?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சந்தேகப் பிராணி. என் மருமகள் வைத்த பெயர் அது. கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். காய்கறிக்காரரின் தராசுத் தட்டைத் திருப்பி அடியில் பார்ப்பேன். பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று யாராவது போன் செய்தால் அவர்கள் அழுதுவிடுகிற அளவுக்குக் கேள்வி கேட்பேன். "அத்தை போலீஸ்ல சேந்திருக்கணும்" என்று மருமகள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நான் பிறக்கும்போதே இப்படி இல்லை என்பதற்கு நீங்கள் சாட்சி. ப்ளஸ் ஒன் சேர்ந்தபோது, லேப் கூரையில் பேய் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை ஒரு மாதம் நம்பியவள் நான். இந்தக் குணம் எனக்கு ஒட்டிக்கொண்டது ப்ளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு நாம் தயாரான அந்த மாசி மாதத்தில்தான்.

என் ஊர் குயிலாப்பாளையம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு ஆரோவில்லில் கொத்து வேலை. சயின்ஸ் குரூப்பில்தான் சேருவேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், திண்டிவனத்தில் இருந்த தாய்மாமன் வீட்டில் கொண்டுவந்து விட்டார். படித்து முடித்ததும் மருந்தாளுநர் கோர்ஸ். அதற்குப் பிறகு பாண்டிச்சேரியில் ஏதாவது ஒரு பெரிய மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பேன். இதுதான் என் கனவு. யார் கேட்டாலும் சொல்லுவேன், கேட்காவிட்டாலும் சொல்லுவேன். கெமிஸ்ட்ரியில் மார்க் வேண்டும், செய்முறையில் முழு மார்க் வேண்டும். செய்முறைத் தேர்வு எழுத விடாவிட்டால் ப்ளஸ் டூவே பாஸ் கிடையாது.

மாமா வீட்டில் அத்தை முந்திரிக்கொட்டை உடைத்துக் கொடுக்கும் வேலை செய்தாள். வியாபாரி மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவான். வறுத்த கொட்டையைச் சாம்பலில் புரட்டி, கல்லின்மேல் நிறுத்தி, கட்டையால் ஒரு தட்டு. பருப்பு முழுசாக வெளியே வர வேண்டும், உடைந்தால் கூலி பிடிப்பான். ஸ்கூலுக்குக் கிளம்பும்வரை நானும் உட்கார்ந்து தட்டுவேன். அந்த ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் வரும் பாருங்கள், கொடுமையான எண்ணெய். பட்ட இடம் பொத்துப்போய்த் தோல் உரியும். உரியாத இடம் கறுத்துப்போகும். சோப்புக்கும் போகாது, சீயக்காய்க்கும் போகாது. என் வலது கை விரல்கள் இரண்டு வருஷமும் கறுப்பாகவே இருந்தன. முதல் வாரம் நீங்கள் உற்றுப் பார்த்தீர்கள். பிறகு பழகிவிட்டது, யாரும் கேட்கவில்லை.

நம் லேப் ஞாபகம் இருக்கிறதா? மைதானத்தின் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஓட்டுக் கட்டடம். உள்ளே நுழைந்தாலே அழுகிய முட்டை நாற்றம். தாவணி முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போவோம், வெளியே வரும்போது தாவணியும் அதே நாற்றம் நாறும். வாய் தீய்ந்துபோன மர ஹோல்டர்கள், ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும் கண்ணாடிப் பெட்டித் தராசு, பீங்கான் தொட்டிகளில் நாம் கொட்டிய பச்சையும் நீலமும். அந்த இடத்தில் இப்போது சைக்கிள் ஸ்டாண்டு. போன வருஷம் போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி மட்டும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட அங்கே மரியாதை அதிகம் இருந்தது ஒரு பழுப்பு பாட்டிலுக்குத்தான். சில்வர் நைட்ரேட். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்று கறுப்புக் காகிதம் சுற்றி, மற்ற பாட்டில்களோடு சேர்க்காமல் பூட்டிய அலமாரியில் வைத்திருப்பார்கள். விலை அதிகம். சார் தன் கையால் டிராப்பரில் எடுத்து, ஒவ்வொருத்தியின் டியூபிலும் சொட்டுச் சொட்டாக விடுவார். நாம் சால்ட் கண்டுபிடிப்போமே, ஒரு பொட்டலத்தில் ஏதோ ஒரு உப்பைக் கொடுத்து இது என்னவென்று சொல் என்பார்களே, அது குளோரைடாக இருந்தால் சில்வர் நைட்ரேட் விட்டதும் பால் திரிந்ததுபோல வெள்ளையாகக் கட்டும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். கையில் பட்டால் மட்டும் தொலைந்தோம். பட்டவுடன் ஒன்றும் தெரியாது. வெயில் பட்டதும் கருநீலமாகக் கறுக்கும், தோல் உரிந்தால்தான் போகும். நம் எல்லாருடைய வெள்ளைத் தாவணியிலும் அந்தக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

சார் அப்போது இளைஞர். சிரித்த முகம், சுருட்டை முடி, இஸ்திரி கலையாத சட்டை. கையில் பிரம்பு இல்லாத ஒரே வாத்தியார் அவர்தான். நீங்கள் மலருக்கு எழுதி அனுப்பியதை எல்லாம் படித்தேன். "அன்பின் உருவம்", "பொறுமையின் சிகரம்". அதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் கூடுதலாகவே நினைத்தேன்.

அந்த மாசியில் ஊராட்சித் தேர்தல் வந்தது. சாரை விழுப்புரத்துப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்துப் பூத்துக்குப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் பதிவு. அடுத்த நாள் அவருக்கு லீவு. செவ்வாய்க்கிழமை வந்தார், வந்ததும் நேராக லேபுக்குத்தான் அழைத்துப்போனார். அன்றைக்குப் பிப்பெட் பாடம், திரவத்தை உறிஞ்சி அளக்கிற அந்தக் கண்ணாடிக் குழாயை எப்படிப் பிடிப்பது என்று. நம்மில் பாதிப் பேர் பிப்பெட்டின் வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டிருந்தோம், தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. சார் சிரித்தார்.

"சோடா பாட்டிலா மூடறீங்க? ஆட்காட்டி விரலுமா, ஆட்காட்டி விரலு. இப்டி அழுத்திப் புடிக்கணும். சரியாப் புடிச்சா விரல்ல ஒரு வளையம் விழும். பாருங்க."

வலது கை ஆட்காட்டி விரலை உயர்த்திக் காட்டினார். விரல் நுனியில் பிப்பெட்டின் வாய் பதிந்து, சிவப்பாக ஒரு சின்ன வளையம். முன்வரிசை பார்த்தது, பின்வரிசைக்குத் தெரியவில்லை என்றதும் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அப்புறம் நாம் எல்லாரும் பிப்பெட்டை அழுத்தி அழுத்தி, "எனக்கு விழுந்துச்சிடி, உனக்கு விழுந்துச்சா?" என்று விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். என் கறுப்பு விரலில் வளையம் சரியாகத் தெரியவில்லை. அது ஒரு பெரிய குறையாக இருந்தது எனக்கு.

அன்றைக்கே போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். ஓட்டுப் போடும்போது விரலில் வைக்கிற மையிலும் இருப்பது இதே சில்வர் நைட்ரேட்தான், அதனால்தான் அழியாது என்று. நாம் ஆச்சரியப்பட்டோம்.

அடுத்த வாரம் பிரேயர் முடிந்து யாரும் கலையவில்லை. ஹெச்எம் அம்மா மேடையில் நின்றுகொண்டே இருந்தார். ப்ளஸ் டூ சயின்ஸ் மட்டும் நில்லுங்கள் என்றார். சில்வர் நைட்ரேட் பாட்டிலைக் காணவில்லை. பரீட்சைக்கு வெளியூர் எக்ஸாமினர் வரப்போகிற நேரத்தில், பூட்டிய அலமாரியிலிருந்து பாட்டில் போயிருக்கிறது.

சார் முன்னால் வந்தார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "எடுத்தவங்க கை காட்டிக் குடுத்துடும். எல்லாரும் வெயில்ல கைய நீட்டுங்க" என்றார். நீட்டினோம். மைதானத்து மண் சுட்டது, செருப்பு இல்லாதவர்கள் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். ஹெச்எம் ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார்.

"இது இன்னா?"

"முந்திரிக்கொட்டை மிஸ். வீட்ல உடைப்போம்."

அவர் சாரைக் கூப்பிட்டார். சார் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, ஹெச்எம்முக்குத் தெரிகிற மாதிரி உயர்த்தினார். என் பக்கத்தில் நின்றது என் பெஞ்சுக்காரி, கோட்டக்குப்பம் பெண், அவளுடைய அத்தா துபாயில் இருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்கு வராது. அவள்தான் சொன்னாள்.

"சார், உங்க வெரலும் கறுப்பாக் கீதே?"

என் கையைப் பிடித்திருந்த அவர் கையை எல்லாரும் பார்த்தோம். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நுனியிலிருந்து பாதிவரை கருநீலமாக இருந்தன. என் கறுப்பு வெடித்துப்போன, சொரசொரப்பான கறுப்பு. அவருடையது மழமழவென்று இருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அவர் என் மணிக்கட்டை விடவில்லை. பிறகு சிரித்துவிட்டார், அந்தப் பழைய சிரிப்பு. "எலெக்‌ஷன் மை வெச்சது யாரு? நான்தானே? ஒரு ஊருக்கே வெச்சிருக்கேன். அதுல இன்னா இருக்குதுன்னு போன வாரம் சொன்னேனே, சொல்லுங்க பாப்போம்!"

"சில்வர் நைட்ரேட் சார்!"

கோரஸாகச் சொன்னோம். மைதானம் அதிர்ந்தது. நானும் சொன்னேன். கை அவர் பிடியில் இருக்க, தொண்டை கிழியச் சொன்னேன். ஹெச்எம் அம்மாகூடப் புன்னகை செய்தார். சாருக்கு அப்படி விடுதலை கிடைத்தது. நாளைக்கு வீட்டிலிருந்து பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வா என்று எனக்குச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் என்னென்ன கதை கிளம்பியது! சில்வர் நைட்ரேட்டைக் காய்ச்சினால் வெள்ளி கிடைக்கும் என்று யாரோ சொன்னாள். பொங்கலுக்கு மாமா வாங்கிக் கொடுத்த கொலுசு என் காலில் இருந்தது. "அதான் புதுக் கொலுசா?" என்று தண்ணீர்த் தொட்டியருகே ஒரு குரல். யார் குரல் என்று எனக்குத் தெரியும், அவளும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். போகட்டும்டி, நாம் பேரன் பேத்தி எடுத்துவிட்டோம். ஆனால் அந்தக் கொலுசை அன்றைக்குக் கழற்றியவள்தான், அப்புறம் நான் போடவே இல்லை.

அத்தை விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனாள். கோபம் வந்தால் கத்துவாள், பயம் வந்தால் தேய்ப்பாள், அதுதான் அவள் சுபாவம். புளியைக் கரைத்தாள், சாம்பலைக் கொட்டினாள், மண்ணெண்ணெய் ஊற்றினாள், தேங்காய் நாரை எடுத்தாள். என் கையை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தாள் தேய்த்தாள் அப்படித் தேய்த்தாள்.

"வலிக்குது அத்தே."

"வலிக்கட்டும். கறுப்பு இருந்தாத்தானே கேப்பாங்க? நாளிக்கு வெள்ளையாக் காட்டு. எவ கேக்கறான்னு பாக்கறேன்."

மேல்தோல் எல்லாம் வழன்று, விரல் நுனிகள் ரோஜா நிறத்தில் பச்சைப் புண்ணாக ஆகிவிட்டன. மறுநாள் அந்தக் கையைத்தான் ஹெச்எம் அறையில் நீட்டினேன். அவர் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"நேத்து கறுப்பா இருந்துச்சி. இன்னிக்கி எங்க போச்சி? தப்பு பண்ணலன்னா ஏன் அழிச்சிக்கினு வரணும்?"

அத்தை திகைத்துப்போனாள். நல்லது செய்கிறோம் என்று நினைத்து என் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கூடைப் பையில் கை விட்டு ஒரு பிடி முந்திரிக்கொட்டையை எடுத்து மேசைமேல் போட்டாள். "வாணாம்மா, நீங்களே ஒண்ணு ஒடைச்சிப் பாருங்க. வெரலு கறுக்குதா இல்லியான்னு பாருங்க. என் கைய வேணும்னாப் பாருங்க. நான் எந்த லேபுல திருடுனேன்?"

ஹெச்எம் கொட்டையைத் தொடவில்லை. நிதானமாகச் சொன்னார். "கறுக்கும்னு எனக்கும் தெரியும்மா. அதாலதான் சொல்றேன். ஏற்கெனவே கறுத்த கை. எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. அந்த தைரியத்துலதான் எடுத்திருப்பா."

யோசித்துப் பாருங்கள். கறை இருந்தால் திருடி. கறை இல்லாவிட்டால் மறைத்தவள். கறைக்கு வேறு காரணம் இருந்தால் அந்தக் காரணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவள். நான் எந்தக் கதவு வழியாக வெளியே வருவது? அந்த அறையில் சாரும் இருந்தார். ஜன்னலருகே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. "விடுங்க மேடம், சின்னப் பொண்ணு" என்றார். அவர் எனக்காகப் பேசுகிறார் என்று நினைத்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

பரீட்சைக்கு விடக்கூடாது என்றுதான் ஹெச்எம் நினைத்தார். ஆனால் பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே மேலிடத்துக்குப் போய்விட்டது. நிறுத்தினால் ஏன் என்று அவர் பதில் சொல்ல வேண்டும், ஸ்கூல் பெயர் கெடும். அதற்காகத்தான் விட்டார்கள், என்னை நம்பி விடவில்லை.

பாக்கியிருந்த நாட்களில் நான் படித்தேனா என்றால், படித்தேன். ஆனால் ஒரு கண் புத்தகத்தில், ஒரு கண் உங்கள்மேல். யார் எடுத்திருப்பாள்? லேப் அலமாரிச் சாவியைத் தொடுகிற லேப் அக்காவா? எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு போகிற லீடரா? என் பெஞ்சுக்காரிகூட என்னைக் காப்பாற்றுகிற மாதிரி நடிக்கிறாளோ என்று தோன்றியது. அவள் பேரீச்சம்பழம் கொடுத்தால் எதற்குக் கொடுக்கிறாள் என்று யோசித்தேன். உங்களில் ஒருத்தியையும் நான் விட்டுவைக்கவில்லை. சாரை மட்டும் நினைக்கவே இல்லை. உங்களைச் சந்தேகப்பட்டுக் களைத்துப்போன நேரங்களில் அவர் சொன்ன "சின்னப் பொண்ணு" என்ற வார்த்தையை நினைத்துத்தான் ஆறுதல் தேடினேன்.

செய்முறைத் தேர்வன்று எக்ஸாமினர் விழுப்புரத்திலிருந்து வந்தார். வயதானவர், மூக்குப்பொடி வாசனை. என் சால்ட் வெள்ளைப் பொடி. தண்ணீரில் கரைந்தது. புண்ணான விரலில் அமிலம் தெறித்தபோது உயிர் போய் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. அழுதால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்வார்கள். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததில் குளோரைடு என்று தெரிந்தது. உறுதிப்படுத்த சில்வர் நைட்ரேட் வேண்டும். வேறு ஸ்கூலிலிருந்து கடன் வாங்கி வந்த சின்ன பாட்டிலோடு சார் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். டியூபை நீட்டினேன்.

"உனக்கு எதுக்கு?" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து மேசைகளுக்குக் கேட்டது. "உங்கிட்டதான் ஒரு பாட்டிலே இருக்குதே."

யாரோ களுக்கென்று சிரித்தாள். சார் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். என் டியூபை நான் எவ்வளவு நேரம் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. காது இரண்டும் கொதித்தது. அந்த ஆள் என்னை நம்புகிறார் என்று நினைத்தேனே என்ற அவமானம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

புத்தகத்தில் இன்னொரு சோதனை இருந்தது. டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடு பண்ணினால் குளோரைடுக்குச் செம்மஞ்சள் புகை வரும். அதைச் செய்தேன். புகை வந்தது. எக்ஸாமினர் எட்டிப் பார்த்தார்.

"சில்வர் நைட்ரேட் ஏம்மா போடல?"

"குடுக்கல சார்."

"அது கேக்கல சார்" என்றார் நம் சார், பின்னாலிருந்து. அதே சிரித்த முகம்.

பாஸ் பண்ணினேன். மார்க்கும் மோசமில்லை. ஆனால் கடைசிப் பரீட்சையன்று அப்பா பெட்டியைத் தூக்கிப்போக வந்தபோது, மருந்தாளுநர் கோர்ஸுக்கு அப்ளிகேஷன் வாங்கினீர்களா என்று கேட்டேன். அவர் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். பஸ் மயிலம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும் பாப்பா. ஊருக்குத் தெரியாதே. மருந்துக்கடைன்னா நாலு செவுரும் பாட்டிலு. திருடின்னு பேர் வாங்குன பொண்ண எவன் உள்ள விடுவான்?"

டீச்சர் ட்ரெயினிங்கில் சேர்த்துவிட்டார். எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, கண்டாச்சிபுரத்துப் பக்கம் ஆரம்பப் பள்ளிகளில் வேலை பார்த்து, பென்ஷன் வாங்குகிறேன். ஆனால் இன்றைக்கும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கும்போது, கல்லாவுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண் நின்றால் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் வருவேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

டீச்சர் என்றால் எலெக்‌ஷன் டூட்டி விடுமா? வேலைக்குச் சேர்ந்து சில வருஷத்தில் கெடாரில் ஒரு பூத்தில் போட்டார்கள். எனக்குக் கொடுத்த வேலை மை வைப்பது. குச்சியைத் தொட்டுத் தொட்டு வைக்கும்போது என் விரல்களிலும் வழிந்தது. மத்தியானம் சாப்பிடப் போகும்போது ஊதா நிறம். சாயங்காலம் பெட்டிக்கு சீல் வைக்கும்போது பார்த்தேன், இரண்டு விரலும் கறுத்துவிட்டன. மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்த போலீஸ்காரர், "இன்னா டீச்சர், இன்னும் ஒரு மாசத்துக்குப் போவாது இது" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை வைத்த மை ஞாயிற்றுக்கிழமையே கறுத்துவிடுகிறது. அப்படியானால் பிப்பெட் பாடம் நடந்த செவ்வாய்க்கிழமை அவர் விரல் எப்படி இருந்திருக்க வேண்டும்? ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாரே, அந்த விரல்? சிவப்பு வளையம் தெரிந்ததே, அந்த விரல்?

அன்று சாயங்காலம் அந்தப் பூத்தில் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். வெயில் என்று நினைத்தார்கள்.

என் ஞாபகத்தையும் நான் லேசில் நம்புகிறவள் இல்லை. வருஷக்கணக்காக இதை வாயில் போட்டு மென்றுகொண்டேதான் இருந்தேன், யாரிடமும் கேட்கவில்லை. இந்த விழாப் பேச்சு வந்த பிறகுதான் என் பெஞ்சுக்காரிக்குப் போன் போட்டேன். கோட்டக்குப்பத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிப்பெட் பாடம் ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"இல்லாம? வளையம் காட்டுனாரே சாரு. ஊட்டுக்குப் போயும் பேனா மூடிய அமுக்கி அமுக்கிப் பாத்துக்கினு இருந்தேன்டி. அத்தாவுக்குக் கடுதாசியிலகூட எழுதுனேன்."

"வளையம் இன்னா கலரு?"

"சேப்பு. நல்லா சேப்பா இருந்துச்சி."

"சுத்தி வெரலு?"

"வெரலு வெரலு மாதிரிதான். சாரு நல்ல கலரு இல்ல? பளிச்சுன்னு..." அங்கேயே நிறுத்திவிட்டாள். பிறகு, "யா அல்லாஹ்" என்றாள். "அடுத்த வாரம் வெயில்ல... நான்தானேடி கேட்டேன், உங்க வெரலும் கறுப்பாக் கீதேன்னு..." அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது.

பாட்டில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கை தவறி உடைந்திருக்கலாம். விலை அதிகம், ஹெச்எம் கண்டிப்பு, இளம் வாத்தியார், பயந்திருக்கலாம். உடைந்ததைக் கூட்டி அள்ளும்போது விரலில் பட்டிருக்கலாம். அதை அவர் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. "உங்கிட்டதான் ஒரு பாட்டிலே இருக்குதே" என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. தன் கைத் தவறை என் தலையில் வைத்தாகிவிட்டது, பேசாமல் ரெண்டு சொட்டு விட்டுவிட்டுப் போயிருக்கலாமே? ஒருவேளை அதற்குள் அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டாரோ என்னவோ.

விழாவுக்கு நான் வருகிறேன். மேடை ஏற மாட்டேன், சண்டை போட மாட்டேன், பயப்படாதீர்கள். சாருக்கு எண்பது நெருங்குகிறது, கை நடுங்குகிறது என்றீர்கள். சால்வை போடும்போது நானும் வரிசையில் நின்று கை தட்டுவேன். கொஞ்சமாகத் தட்டுவேன். இவ்வளவு நேரம் எழுதியது உங்களுக்கு, மலருக்கு இல்லை. மலருக்கு லீடர் கேட்ட நாலு வரி இதோ. ஒரு எழுத்தும் மாற்றாமல் போட வேண்டும். நீங்கள் எல்லாரும் அன்றைக்கு அங்கே இருந்தவர்கள், இதில் பொய் ஏதும் இருந்தால் அடித்துவிடுங்கள்.

சார் எங்களுக்குப் பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.
அது தேர்தல் வேலை முடிந்து அவர் ஸ்கூலுக்கு வந்த முதல் நாள்.
வலது கை ஆட்காட்டி விரலை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தி எல்லாருக்கும் காட்டினார்.
விரல் சுத்தமாக இருந்தது.